புரதப் பொடியை எதில் கலப்பது?

டயாலிசிஸின்போது இரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யவே புரதப் பொடியைப் பரிந்துரைக்கிறோம். அதனை எதில் கலப்பது என்பதும் முக்கியமே. பாலில் பாஸ்பரஸும், இளநீரிலும் பல பழச்சாறுகளிலும் பொட்டாசியமும் மிகுதி. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். ஆகவே, பெரும்பாலானோர்க்கு நீரே ஏற்றது.

கொதிநீரில் புரதம் திரண்டு கட்டியாகிவிடும். காய்ச்சி ஆறிய நீரைச் சிறிதளவு விட்டுக் குழைத்து, பின்னர் மீதி நீரைச் சேர்த்துக் கலக்கி, உடனே அருந்துக. 100 மி.லி. நீர் ஊற்றினால், அதனையும் அன்றைய நீர்க்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளருக்குப் புரதக் கட்டுப்பாடு தேவைப்படலாம். எனவே, வீட்டில் ஒருவருக்கு எழுதித்தந்த பொடியை மற்றவர் அருந்தலாகாது.