ஹாலோ பிளாக் சுவரின் வலிமை

நூற்கிடங்கும் தானியக் கிடங்கும் கட்ட முற்படும் சங்கங்கள் இன்று ஹாலோ பிளாக் கற்களை நாடுகின்றன. உள்ளே துளைகள் இருப்பதால் சுவரின் பாரம் குறைகிறது. ஆயினும் அதன் வலிமை, சிமிட்டி, மணல், ஜல்லிக் கலவையையும் பதப்படுத்தலையும் பொறுத்ததே.

வார்த்த கல்லை 14 நாட்கள் ஈரம் உலராது காத்து, பின் 4 வாரங்கள் உலர்த்த வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு வெளியான ஐ.எஸ். 2185 தரவிதி. உலராத கல்லைக் கட்டினால், அது சுவரிலேயே சுருங்கி வெடிப்பு உண்டாகும். அதன் வழியே மழைநீர் புகுந்தால் நூலும் நெல்லும் பாழாகும். செங்கல்லைப் போல் இதனை நீரில் ஊறவைத்துக் கட்டுவதும் தவறு. உத்திரம் அமரும் இடங்களில் துளைகளைக் கான்கிரீட்டால் நிரப்புதல் அவசியம்.

ஆகவே அங்கத்தினர்களே! மலிவு விலை கண்டு மயங்காமல், வார்த்த தேதியை விசாரித்து, சோதனைச் சான்று பெற்றே கல் வாங்குவோமாக.