நுண்ணலை அடுப்பு: சீராகச் சூடேற்றுவதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களில் ஓணமும் தீபாவளியும் வீட்டு உபயோகப் பொருள்களின் விற்பனைக் காலங்களாகும். அப்போது பலர் வாங்கும் பொருள்களுள் மைக்ரோவேவ் ஓவன் எனப்படும் நுண்ணலை அடுப்பும் ஒன்று. வாங்கிய சில நாள்களிலேயே ஒரு குறை எழுவதுண்டு: மரச்சீனிக் கிழங்கு ஓரத்தில் ஆவி பறக்க, நடுவில் குளிர்ந்தே கிடக்கிறது.

இதன் காரணத்தை முதலில் அறிவோம். அடுப்பிலுள்ள மேக்னட்ரான் என்னும் குழல் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை எழுப்புகிறது. இவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து ஓய்கின்றன. மேலும், பெரும்பாலான உணவுகளில் அலைகள் இரண்டு மூன்று செ.மீ. ஆழம் வரையே வலுவாக ஊடுருவும். அதற்கும் உள்ளே இருப்பது, வெளிப்பகுதியிலிருந்து பரவும் வெப்பத்தாலேயே சூடேற வேண்டும்.

இது சுவையைப் பற்றிய குறை மட்டுமன்று. முந்தைய நாள் மீன் குழம்பின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்டாவிடில், நோய்க்கிருமிகள் எஞ்சக்கூடும். குழந்தையின் பால்புட்டி வெளியே இளஞ்சூடாக இருக்க, உள்ளே ஒரு பகுதி வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கலாம். ஆதலால் குழந்தைக்கான பாலை இவ்வடுப்பில் சூடாக்காமல், வெந்நீரில் புட்டியை வைத்துச் சூடாக்குவதே நலம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. சுழல்தட்டு: உணவைச் சூடான இடங்களின் வழியே சுற்றிவரச் செய்வது இதுவே. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பாத்திரம் தடையின்றிச் சுழலுமா என அளந்து பார்க்க வேண்டும். சுழல்தட்டு இல்லாத வகைகளில், அலைகளைச் சிதறடிக்கும் விசிறி உள்ளே இருக்கும். அகன்ற, சதுரமான பாத்திரங்களுக்கு இவை ஏற்றவை.

2. இன்வெர்ட்டர் நுட்பம்: சாதாரண அடுப்பில் பாதித் திறன் என்பது, முழுத் திறனில் சிறிது நேரம் இயங்கிச் சிறிது நேரம் ஓய்வதே. இன்வெர்ட்டர் உள்ளதில் குறைந்த திறன் இடைவிடாது கிடைக்கும். உறைந்த மீனை ஓரம் வேகாமல் இளக்குவதற்கு இது பயன்படும்.

3. வாட் அளவு: அதிக வாட் என்பது வேகத்தைக் குறிக்குமே அன்றிச் சீரான சூட்டைக் குறிக்காது.

4. அப்பளச் சோதனை: செயல்விளக்கம் தரும் கடையில், தட்டின் நடுவிலும் ஓரங்களிலும் சிறு அப்பளங்களைப் பரப்பி ஒரு நிமிடம் போல இயக்கச் சொல்லலாம். எவை முன்னதாகப் பொரிகின்றன, எவை பச்சையாகவே இருக்கின்றன என்பது சூட்டின் பரவலைக் கண்ணெதிரே காட்டிவிடும்.

எந்த அடுப்பாயினும் பயன்படுத்தும் முறையும் முக்கியம். உணவை நடுவில் குவிக்காமல் வளையமாகப் பரப்புக. மூடியைச் சற்றுத் தளர்த்தி மூடுக. பாதி நேரத்தில் ஒருமுறை கிளறுக. முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுக. அந்த இரண்டு நிமிடத்தில் வெப்பம் உள்ளே பரவும்.

இனிச் செலவு. 1200 வாட் மின்சாரம் இழுக்கும் அடுப்பை நாளுக்கு ஐந்து நிமிடம் இயக்கினால், மாதத்திற்கு ஏறத்தாழ 3 யூனிட்டே ஆகும். ஆகவே நம் பணப்பையைப் பெரிதும் பாதிப்பது மின்கட்டணம் அன்று. வாங்கும் விலையும் தவணை முறையுமே. வட்டியில்லாத் தவணை எனக் கூறப்படுவதில், வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைந்திருப்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. எனவே ரொக்க விலை என்ன, தவணைகளின் கூட்டுத்தொகையும் கட்டணங்களும் சேர்ந்து எவ்வளவு என இரண்டையும் எழுதி ஒப்பிடுக. வெதுப்பும் பழக்கம் இல்லாத வீட்டிற்கு, கூடுதல் விலையுள்ள கன்வெக்ஷன் வகை தேவையில்லை. சூடாக்க மட்டும் எனில் எளிய சோலோ வகையே போதும். மேக்னட்ரானுக்கான உத்தரவாதக் காலத்தைத் தனியே கேட்டறிந்து, ரசீதைப் பத்திரப்படுத்துக.