மாருத் சொல்லும் பாடம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் லால்பாக், கப்பன் பார்க், விதான சௌதா என்று சுற்றிக் காட்டுவது பெங்களூர்த் தமிழர்களாகிய நம் வழக்கம். பழைய விமான நிலையச் சாலைப் பக்கம், 2001ல் தொடங்கப்பட்ட எச்.ஏ.எல். விமான அருங்காட்சியகத்தையும் இப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் செய்யும் இதே நிறுவனம் ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளும் செய்தது. அதனால் என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்கு அங்கே சற்று உரிமை அதிகம்!

பிள்ளைகளை நேரே மாருத் விமானத்தின் முன் நிறுத்துங்கள். மாருதம் என்றால் காற்று. நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம் இது. ஜெர்மானிய நிபுணர் கர்ட் டாங்க் தலைமையில் நம் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். முதலில் மரத்தால் முழு அளவில் என்ஜின் இல்லாத கிளைடர் ஒன்றைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று 1959ல் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று உண்மையான மாருத் பறந்தது.

சிறகுகள் ஏன் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன? ஒலியின் வேகத்தை விமானம் நெருங்கும்போது முன்னால் உள்ள காற்று விலக நேரமின்றி அழுந்தி நிற்கிறது. எதிர்ப்பு திடீரென்று பெருகுகிறது. சாய்ந்த சிறகு இந்த எதிர்ப்பைக் குறைக்கும். மிச்சத்தை வெல்லத் தள்ளுவிசை வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு தள்ளுவிசை தரக்கூடிய இரண்டு ஆர்ஃபியஸ் என்ஜின்களை நம்பி வடிவம் போடப்பட்டது. அந்த என்ஜினை உருவாக்கும் வேலையைப் பிரிட்டன் கைவிட்டது. கிடைத்ததோ 4,850 பவுண்டு என்ஜின். ஒலியைப் போல் இரு மடங்கு வேகம் என்ற கனவு, ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. ரயிலில் ஏற்றத்தில் இழுவை போதாவிட்டால் பின்னால் பாங்கர் இஞ்சின் சேர்ப்போம். ஆகாயத்தில் அதற்கு வழியில்லை.

ஆனாலும் மாருத்தைத் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் அது நன்றாகவே உழைத்தது. ஒரு என்ஜின் அடிபட்டும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய மாருத்கள் உண்டு. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டன.

2001ல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விமானத்துக்கும் நம் காவேரி என்ஜின் உரிய காலத்தில் கைகூடாமல், அமெரிக்க என்ஜினையே பொருத்த வேண்டியதாயிற்று. உடலை நாம் செய்து உயிரை வெளியே வாங்கினால், வேகத்தை நிர்ணயிப்பவர் வேறொருவர். மாருத் சொல்லும் பாடம் இதுதான். அங்குள்ள என்ஜின் கூடத்தை அவசரப்படாமல் பாருங்கள். இந்தக் குறையைத் தீர்க்கப்போகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இரு கேள்விகள்:

1. மாருத்துக்குக் கிடைத்த தள்ளுவிசை, எதிர்பார்த்ததில் எத்தனை சதவிகிதம்?

2. என்ஜினே இல்லாத கிளைடரைப் பறக்கவிட்டுப் பார்த்ததால் என்ன தெரிந்திருக்கும்?

(முதல் கேள்விக்கு விடை: சுமார் 59. இரண்டாவதை அப்பா அம்மாவுடன் பேசிக் கண்டுபிடியுங்கள்.)