நரம்பியல் வேறுபாடுடைய குழந்தைகள்: எல்லைப்புற மலைநாட்டில் ஆற்ற வேண்டிய பணிகள்

கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி, தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழும் பகுதிகள் பல உள்ளன. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தேயிலை, ஏலத் தோட்டங்களை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் உழவை நம்பி வாழும் குடும்பங்களும் இவற்றுள் முக்கியமானவை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்துடன் இணைந்தன. சாலை, பள்ளி, குடிநீர் ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்படும் அளவுக்கு, நரம்பியல் வேறுபாடுடைய குழந்தைகளின் தேவைகள் பேசப்படுவதில்லை. இக்குழந்தைகளுக்கு என்ன தேவை, அதைக் குடும்பமும் பள்ளியும் அரசும் எவ்வாறு அளிக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நரம்பியல் வேறுபாடு என்பது யாது?

மனிதர் அனைவருடைய மூளையும் ஒரே வகையில் இயங்குவதில்லை. ஆட்டிசம், கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாடு, கற்றல் குறைபாடு ஆகியவை உடையோரிடம் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. ஆட்டிசத்தை அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் தனி நிலையாக விவரித்தார். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் இதையொத்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர். ஆகவே இதை அரிதாக நிகழும் ஒன்று எனக் கருதுவதற்கில்லை.

இவர்களுள் பலருக்கு இரு துறைகளில் சிறப்பு உதவி வேண்டியிருக்கிறது. ஒன்று புலனுணர்வு, மற்றொன்று உணர்ச்சியைத் தன்வயப்படுத்திக்கொள்ளும் ஆற்றல். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டு நூல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 வினாக்கள் உள்ளன. அவை ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன; அவற்றுள் ஒன்று உணர்ச்சி வெளிப்பாட்டையும், மற்றொன்று புலனுணர்வையும் அளக்கின்றன. அடம், குறும்பு, ஒழுங்கின்மை என்று ஊரார் பெயரிட்டு வந்தவற்றுள் பலவும் இவ்விரு பகுதிகளில் அடங்குகின்றன.

சூழலும் புலன்களும்

தோட்டத்து லயங்களில் வீடுகள் வரிசையாக ஒட்டியே அமைந்திருக்கின்றன. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராகும். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் ஓசை, பிரஷர் குக்கரின் விசில், ஜீப்பின் இரைச்சல், தகரக் கூரையின்மீது மாதக்கணக்கில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை ஆகிய அனைத்தும் ஒரே அறைக்குள் வந்து சேர்கின்றன. பெரும்பாலோருக்கு இவ்வொலிகள் பழகிப்போய்க் காதில் விழாமலே கழிந்துவிடும். மிகை உணர்வுடைய குழந்தைக்கோ எந்த ஒலியும் பின்னுக்குச் செல்வதில்லை. எல்லாம் ஒரே உரத்துடன் ஒலித்துக்கொண்டிருக்கும். மலைக்குளிருக்காக அணிவிக்கும் கம்பளிச் சட்டையின் உராய்வுகூட அதற்குப் பொறுக்க முடியாத எரிச்சலாகலாம்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சில குழந்தைகள் குளிரையும் வலியையும் குறைவாகவே உணர்வார்கள். மூணாற்றில் உறைபனி படியும் மார்கழி, தை மாதங்களில் அத்தகைய குழந்தை சட்டையின்றி வெளியே ஓடும், அடிபட்டாலும் அழாது. காயமும் காய்ச்சலும் காலங்கடந்தே தெரியவரும். ஆகையால் இவர்களுக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

சமவெளியை ஒட்டிய சித்தூர்ப் பகுதியில் இடர்ப்பாடு வேறு வகையானது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கோடை வெப்பம், வியர்வையில் உடலோடு ஒட்டும் துணி ஆகியவை அங்கே தொல்லை தருகின்றன. விழாக்களின் செண்டை முழக்கமும் வெடிக்கட்டும் மற்றொரு சோதனை. நெம்மாறை–வல்லங்கி வேலை போன்ற பெருவிழாவின் வாணவேடிக்கை ஊர் முழுவதற்கும் மகிழ்ச்சி தருவது. அதே வேளையில் ஒரு வீட்டில் ஒரு சிறுவன் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

கொந்தளிப்பும் அடமும்

அடம் பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. கேட்ட பொருள் கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். யாரும் பார்க்கவில்லையென்றாலும் பெரும்பாலும் நின்றுவிடும். புலன்களின் சுமை தாங்காமல் எழும் கொந்தளிப்பு அவ்வாறு நிற்பதில்லை. கேட்டதைக் கொடுத்தாலும், அடித்தாலும், தனியே விட்டாலும் அது தன் போக்கில் தணியும் வரை தொடரும். அந்நேரத்தில் அறிவுரையை ஏற்கும் நிலையில் குழந்தை இல்லை. வேறு சில குழந்தைகள் கத்துவதற்கு மாறாகப் பேச்சற்று, அசைவற்று முடங்கிப்போவார்கள். இவர்களை ‘அமைதியான பிள்ளை’ என்று கருதிவிடுவதால் இவர்களுடைய துன்பம் இன்னும் எளிதில் மறைந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டை அறியாததால் நேரும் தீங்கு பெரிது. பேய் பிடித்ததாகக் கருதிக் கயிறு கட்டுவதும், வளர்ப்புச் சரியில்லை எனத் தாயைப் பழிப்பதும், அடித்துத் திருத்த முயல்வதும் குழந்தையின் அச்சத்தை மிகுவிக்கவே செய்கின்றன. பள்ளிக்கு அனுப்ப முடியாத குழந்தையைக் காப்பதற்காகத் தாய் வேலைக்குப் போகாமல் நிற்கிறாள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் வேலை தவறினால் ஒரு நாள் கூலி இல்லை. இவ்வாறு ஒரு குழந்தையின் கல்வி இழப்பு ஒரு குடும்பத்தின் வருவாய் இழப்பாகவும் மாறுகிறது.

செய்யத்தக்கவை

கொந்தளிப்பை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, முன் கட்டம். கைகளை உதறுதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், காதைப் பொத்துதல், முகம் சிவத்தல் போன்ற குறிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே உண்டு. எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது என்பவற்றை இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால் காரணம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். காரணம் தெரிந்தால் அதைக் குறைக்கலாம். குறைக்க இயலாதபோது குழந்தையை அவ்விடத்திலிருந்து விலக்கலாம்.

இரண்டாவது, கொந்தளிப்புக் கட்டம். இப்போது சொற்களைக் குறைக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, சுற்றி நிற்போரை விலக்கி, விளக்கையும் ஒலியையும் தணிக்க வேண்டும். குழந்தை விரும்பினாலன்றித் தொடலாகாது. தலையை மோதிக்கொள்ளாதபடி தலையணை அல்லது மடித்த போர்வையை வைப்பது போதுமானது.

மூன்றாவது, பின் கட்டம். களைத்துப்போன குழந்தைக்கு நீரும் ஓய்வும் அளிக்க வேண்டும். விசாரணையும் கண்டிப்பும் இங்கே பயனற்றவை. நன்கு தெளிந்த பிறகு, மகிழ்ச்சி, கோபம், அச்சம் ஆகியவற்றைப் படங்களின் வாயிலாகக் காட்டி, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று சுட்டிக்காட்டப் பழக்கலாம். தன் நிலையைத் தானே அறிவதுதான் உணர்ச்சியை ஆள்வதற்கு முதற்படி.

அன்றாட ஒழுங்கும் இன்றியமையாதது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாதபோதுதான் இக்குழந்தைகளின் அச்சம் பெருகுகிறது. எழுதல், பல் துலக்கல், உணவு, பள்ளி, விளையாட்டு, உறக்கம் என நாளின் நிகழ்ச்சிகளை வரைந்து சுவரில் ஒட்டிவைப்பது எளிய உதவி. மாற்றம் நேருமாயின் அதை முன்கூட்டியே படத்தில் காட்டலாம்.

புலனுணர்வைச் சீர்செய்யும் பயிற்சிக்கு அடித்தளமிட்டவர் அமெரிக்கச் செயல்முறைப் பயிற்சியாளர் ஜீன் அயர்ஸ். அவருடைய முதல் நூல் 1972இல் வெளிவந்தது. இம்முறையில் முறையாகப் பயின்றவர் குறிப்பிட்ட இலக்குகளை வகுத்துக்கொண்டு நடத்தும் பயிற்சியால் சில குழந்தைகள் பயனடைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அது எல்லாக் குறைகளையும் போக்கும் என்பதற்குச் சான்று இல்லை. விலையுயர்ந்த கருவிகளை வாங்குமாறு பெற்றோரைத் தூண்டும் விளம்பரங்களை எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும்.

உடலுக்கு அழுத்தமும் அசைவும் தரும் செயல்கள் பலரை அமைதிப்படுத்துகின்றன. இவற்றுள் பல நம் வீடுகளில் ஏற்கனவே உள்ளன. சேலையால் கட்டிய தூளியின் ஆட்டம், மாவு பிசைதல், குடத்தில் நீர் கொணர்தல், விறகு அடுக்குதல் ஆகியவை அத்தகையன. குழந்தையின் எடைக்கேற்ற வலுவுடன் தூளியைக் கட்டுவதும், அருகில் ஒருவர் இருப்பதும் கட்டாயம். விழாக் காலங்களில் காதடைப்பான் அணிவிப்பதும், வெடி வைக்கும் நேரத்தை முன்பே அறிந்து தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்வதும் பயன் தரும்.

சட்டமும் திட்டங்களும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. அவற்றுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்டது. அதன் ‘நிராமயா’ திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வி நிலையங்கள் செய்துதர வேண்டும் என்று அது விதிக்கிறது. வகுப்பறையில் சன்னலிலிருந்து விலகிய இருக்கை, அமைதியான ஒரு மூலை, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவை சலுகைகள் ஆகா, உரிமையின் பாற்பட்டவை. சிறப்பாசிரியர்–மாணவர் விகிதம் தொடக்க நிலையில் 1க்கு 10 எனவும், அதற்கு மேற்பட்ட நிலையில் 1க்கு 15 எனவும் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பரிசோதிக்கப்பட்டு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். கேரளத்தில் 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூரில் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. உள்ளாட்சி அமைப்புகள் குடும்பஸ்ரீயின் துணையுடன் நடத்தும் இப்பள்ளிகள் பின்னர் மாநிலமெங்கும் பரவின. ஊராட்சியின் நிதியும் ஊர்ப் பெண்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்த இம்முறை மற்ற மாநிலங்களும் கருதத்தக்கது.

மூணாறு காட்டும் வழி

எல்லைப்புறத்தில் இத்துறையில் நீண்டகால அனுபவமுள்ள முயற்சி மூணாற்றில் நடைபெறுவது. தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக, ரத்னா கிருஷ்ணகுமாரின் முயற்சியால் 1990களின் தொடக்கத்தில் ‘ஸ்ருஷ்டி’ அறக்கட்டளை அங்கே உருவாயிற்று. டாட்டா தேயிலை நிறுவனம் அதற்குத் துணைநின்றது. ‘டேர்’ எனும் பள்ளி சிறுவர்களுக்குப் பயிற்சி தந்தது. வளர்ந்தோருக்கெனக் கையால் காகிதம் செய்யும் ‘அதுல்யா’, இயற்கைச் சாயமிடும் ‘ஆரண்யா’, அடுமனை, ஸ்ட்ராபெர்ரிப் பதனப் பிரிவு ஆகியவை அமைந்தன. தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை போன்ற உள்ளூர்ப் பொருள்களிலிருந்தே சாயம் எடுக்கப்படுகிறது.

இம்முயற்சி பல வகைக் குறைபாடுடையோருக்குமானது. ஆட்டிசத்துக்கென மட்டும் அமைந்ததன்று. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் இங்கே பொருந்தும். ஒரே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, மாறாத நேர ஒழுங்கு, பழகிய முகங்கள், கைக்கும் கண்ணுக்கும் இசைந்த பொருள்கள் ஆகியவை அமையும் இடத்தில் நரம்பியல் வேறுபாடுடைய பலர் தடுமாற்றமின்றி இயங்க முடியும். பள்ளிப் பருவத்தோடு உதவி நின்றுவிடாமல் தொழிலிலும் ஊதியத்திலும் சென்று முடிவதே முழுமையான மறுவாழ்வாகும்.

மொழியும் தொலைவும்

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இரு தடைகள் எஞ்சியுள்ளன. முதலாவது மொழி. பேச்சே கடினமாக இருக்கும் குழந்தைக்கு வீட்டில் ஒரு மொழியும் பயிற்சியில் வேறொரு மொழியும் என்றால் சுமை இரட்டிப்பாகும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசமைப்பின் 350ஏ பிரிவு பணிக்கிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 முதல் இடமளிக்கிறது. இவ்வுரிமை மருத்துவப் படிவம், பெற்றோர் கையேடு, பயிற்சிப் படங்கள் ஆகியவற்றுக்கும் எட்ட வேண்டும்.

இரண்டாவது தொலைவு. மலைப்பாதையில் மாவட்ட மையத்துக்குச் சென்று திரும்ப ஒரு நாள் ஆகிறது. பேருந்தின் குலுக்கலும் நெரிசலுமே குழந்தையைக் கலங்கச் செய்துவிட, மருத்துவர்முன் அது கொந்தளித்த நிலையில் நிற்கிறது. இதனால் சில குடும்பங்கள் தேனியையும் கோயம்புத்தூரையும் நாடுகின்றன. ஒரு மாநிலத்தில் பெற்ற குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதை இவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்நிலையில் அலுவலர்கள் கருதத்தக்கவை வருமாறு:

1. பயிற்சியாளர் குழு மாதந்தோறும் குறித்த நாளில் தோட்டங்களுக்கே செல்லுதல்.
2. அங்கன்வாடிப் பணியாளருக்கும் தோட்டக் குழந்தைக் காப்பகப் பணியாளருக்கும் தமிழில் பயிற்சி தருதல்.
3. ஒவ்வொரு பள்ளியிலும் அமைதி மூலை ஒன்றை ஒதுக்குதல்.
4. வெடிக்கட்டு நேரத்தை விழாக் குழுக்கள் முன்னறிவித்தல்.
5. சிகிச்சை நாளில் தாயின் கூலி இழப்பை ஈடுசெய்ய வழிகாணுதல்.

இவற்றுள் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஏறக்குறையச் செலவே இல்லை. ஒரு பாயும், ஒரு திரையும், ஓர் அறிவிப்பும் போதும். எஞ்சியவற்றுக்கு வேண்டிய அமைப்புகள் ஏற்கனவே ஏட்டில் உள்ளன. அவை மலையேறி வர வேண்டும். காதைப் பொத்திக்கொண்டு ஒளியும் சிறுவன், தன் ஊர்ப் பள்ளியில் தன் மொழியில் அமைதியாக அமர்ந்து கற்பானாகில், எல்லைப்புற வளர்ச்சியின் பயன் அவன் வீட்டு வாசலையும் அடைந்துவிட்டது எனக் கொள்ளலாம்.