மனநோயும் வீண் வெட்கமும்

காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எவரும் நாணுவதில்லை. மனம் நோயுற்றாலோ, வீட்டார் அதனை மறைக்கின்றனர். நோயாளியும் தம்மையே குற்றவாளியாக்கித் தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்கிறார். இவ்விரண்டும் நோயை வளர்ப்பனவேயன்றித் தீர்ப்பன அல்ல.

தூக்கமின்மை, பசியின்மை, தொழிலில் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். “நான் சோம்பேறி, குடும்பத்திற்குப் பாரம்” என்று ஓயாது தம்மை இகழ்ந்துகொள்வதும் அந்நோயின் குறிகளுள் ஒன்றே. காய்ச்சலில் உடல் கொதிப்பது எங்ஙனம் குணக்கேடு அன்றோ, அங்ஙனமே இதுவும் குணக்கேடு அன்று. ஆதலின், “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்னும் உபதேசம் மட்டும் போதாது; சிகிச்சையும் வேண்டும்.

உரித்த பச்சைத் தோலுக்குக் காலத்தில் உப்பிடாவிடில் அது அழுகிவிடும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி மக்கள் நன்கறிவர். மனநோய் அத்துணைக் கொடியதன்று. தாமதித்து வந்தவரும் நலம் பெறுவதுண்டு. எனினும் முன்னதாக வருவோர்க்குக் குணமாவது எளிது.

வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-ஆம் ஆண்டு டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் தோன்றியது. நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை அங்கே கைக்கொள்ளப்பட்டது. உடனிருப்போர் நோயின் தன்மையையும் மருந்தின் பயனையும் அறிந்து ஊர் திரும்புவர். பிற குடும்பங்களையும் அங்கே காண்பதால், “நமக்கு மட்டும் நேர்ந்த இழிவு” என்னும் எண்ணம் தானே அகலும்.

மறைத்து ஒதுக்குவதன் விளைவை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அங்கே ஒரு காப்பகத்தில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருதிப் பராமரிக்க வேண்டுமெனவும் அது கூறுகிறது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில:

1. “பைத்தியம்” என்னும் ஏளனச் சொல்லை மன்றத்திலும் தெருவிலும் விலக்குதல்.

2. துன்புறுவோர் வீட்டிற்குச் சென்று குறைகூறாது கேட்டல். அரசு மருத்துவமனைக்குத் துணை செல்லுதல்.

3. 2022-இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை ஊரறிய எழுதிவைத்தல்.

4. சற்று நலம் கண்டதும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது என எடுத்துரைத்தல்.

சாலையும் கிணறும் போலவே மனநலமும் ஊரின் பொதுச்சொத்தாகும். நோயுற்றவர் வெட்கமின்றி வாய்திறந்து “எனக்கு உதவி வேண்டும்” என்று கூறத்தக்க ஊரே முன்னேறிய ஊராம்.