இணையம் அறுந்தால் குற்றவாளி யார்? வீட்டிலேயே ஓர் அறிவியல் ஆய்வு

மாணவர்களே, இரவு நேர இணைய வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் கணக்கின் கடைசி வரிக்கு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்துபோகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? ரூட்டரை அணைத்துப் போடுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் நிறுவனத்தைத் திட்டுகிறோம். அப்பாவிடம் புது ரூட்டர் கேட்கிறோம். காரணம் தெரியாமலே மருந்து சாப்பிடுவது போன்றது இது.

2021ஆம் ஆண்டு, இல்லிருப்புக் கற்றல் நடந்த காலம். பாகான் செராயில் என் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், இரவு 7.30 மணிக்கு நான் நடத்திய மீள்பார்வை வகுப்பிலிருந்து தினமும் காணாமல் போவான். “லைன் போயிடுச்சு சார்” என்பான். பகல் வகுப்புகளில் மட்டும் ஒழுங்காக இருப்பான். அவன் சாக்குச் சொல்கிறான் என்றே நினைத்தேன். ஒரு நாள் மற்றவர்கள் முன்னிலையில் அதைச் சொல்லியும் விட்டேன். மறுநாள் அவன் அம்மா அழைத்து, “சார், அவன் உண்மையிலேயே உட்கார்ந்து அழுகிறான்” என்றார். அதன் பிறகுதான், அறிவியல் ஆசிரியராக நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தரவு கேட்டேன்.

அவன் என்ன கண்டுபிடித்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இணையம் நம் கைப்பேசிக்கு எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம்.

மூன்று கட்டப் பயணம்

ஒளியிழை இணைப்பு உள்ள வீட்டில் இந்தப் பாதைக்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முதலாவது, வெளியிலிருந்து வீட்டுச் சுவர் வரை வரும் ஒளியிழை. தலைமுடி அளவே பருமன் கொண்ட கண்ணாடி இழை வழியாக அகச்சிவப்பு ஒளி ஓடுகிறது. ஒளி வெளியே கசியாமல் இழைக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பிரதிபலிப்பதற்குக் காரணம் முழு அகப் பிரதிபலிப்பு. நான்காம் படிவ இயற்பியலில் ‘பந்துலான் டாலாம் பெனு’ என்று படிக்கிறீர்களே, அதுவேதான். மிகத் தூய்மையான கண்ணாடி இருந்தால் ஒளியைக் கொண்டு தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் சொன்னவர் சார்லஸ் காவ். அதற்காக 2009இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது, சுவரருகே இருக்கும் ஒளியிழைப் பெட்டியும் ரூட்டரும். பெட்டி ஒளியை மின் குறிப்பாக மாற்றும். ரூட்டர் அதை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பிரித்துக் கொடுக்கும்.

மூன்றாவது, ரூட்டரிலிருந்து உங்கள் கைப்பேசி வரை காற்றில் வரும் வைஃபை என்னும் வானொலி அலை.

எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டறியப் பணம் செலவில்லாத சோதனைகள் உண்டு.

சோதனை 1: விளக்குகளைப் பாருங்கள்

ஒளியிழைப் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது அதிகமாக வளைந்திருக்கலாம். இழையைக் கூர்மையாக வளைத்தால், ஒளி சுவரில் படும் கோணம் மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைந்து, ஒளி வெளியே கசிந்துவிடும். மேசைக்காலுக்கு அடியில் இழை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இழையைக் கழற்றி அதன் முனையை ஒருபோதும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி; பார்வையைக் கெடுக்கக்கூடும்.

எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தால், சந்தேகப்பட வேண்டியது மின்மாற்றியை, அதாவது அடாப்டரை. பழசான அடாப்டர் போதுமான மின்னோட்டம் கொடுக்க முடியாமல் ரூட்டரைத் தானாக மறுதொடக்கம் செய்ய வைக்கும். மாற்றுவதானால் அதே வோல்ட் அளவும், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் அளவும் கொண்ட, முனை பொருந்துகிற அடாப்டரையே வாங்க வேண்டும்.

சோதனை 2: கம்பியா, காற்றா?

கணினி ஒன்றை ரூட்டருடன் கம்பி வழியாக இணையுங்கள். வைஃபையில் அறுந்துபோகும் அதே நேரத்தில் கம்பி இணைப்பு ஒழுங்காக இருந்தால், குற்றவாளி மூன்றாம் கட்டம். இரண்டும் ஒன்றாக அறுந்தால் முதல் இரண்டு கட்டங்களில் தேட வேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ‘பிங்’ என்னும் கட்டளை உதவும். கணினியின் கட்டளைத் திரையில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்தில் ரூட்டரின் முகவரியை எழுதுங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போன்ற எண்ணாக அது பெரும்பாலும் ரூட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். பதில் எத்தனை மில்லி விநாடியில் வருகிறது என்று திரை காட்டும். அடுத்து 8.8.8.8 என்ற வெளியுலக முகவரிக்கு அதையே செய்யுங்கள். ரூட்டரே பதில் தரத் தடுமாறினால் சிக்கல் வீட்டுக்குள். ரூட்டர் உடனே பதில் தந்து, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே.

சோதனை 3: ஐந்து நாள் அட்டவணை

நேரம், இடம், கருவி, கம்பியா வைஃபையா, வேகம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என ஆறு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள். ஐந்து நாள் நிரப்புங்கள். வேகத்தைப் பதியும்போது ஒன்றை மறக்க வேண்டாம். நிறுவனங்கள் சொல்வது மெகாபிட் கணக்கு. கோப்பின் அளவைச் சொல்வது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் அது விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். இதை அறியாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் பலர்.

என் மாணவனின் அட்டவணை

அவன் அட்டவணையில் கூடத்தில் வேகம் நன்றாக இருந்தது. அறையில் பாதிக்கும் குறைவு. இரவு 7.30ஐ ஒட்டி அறையில் அடியோடு அறுந்தது. அதே நேரத்தில் கம்பியில் இணைத்திருந்த பழைய மடிக்கணினி ஒழுங்காக ஓடியது. அப்படியானால் வெளி இணைப்பில் கோளாறு இல்லை. கடைசி நிரலில் ஐந்து நாளும் ஒரே வரி இருந்தது: “அம்மா வேலை முடிந்து வந்து சாப்பாட்டைச் சூடு பண்ணுகிறார்.”

நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் வேலை செய்கிறது. வைஃபையின் ஒரு பட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் அக்கம்பக்கத்து வீடு மாதிரி. அடுப்பிலிருந்து கசிவது நம் உடலுக்குத் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவு. ஆனால் ரூட்டரின் குறிப்பு அதைவிடவும் மெலிந்தது. அவன் வீட்டில் ரூட்டருக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது சமையலறை. போதாததற்கு, ரூட்டர் தொலைக்காட்சி அலமாரிக்குள், ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. உலோகம் வானொலி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மீன் தொட்டியின் நீரோ அலையை விழுங்கிவிடும்.

இங்கேதான் அவனிடம் ஒரு கட்டுப்பாடு விதித்தேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது நோய் தீர்த்தது என்று தெரியாது.

முதலில் ரூட்டரைத் திறந்த மேல்தட்டுக்கு மாற்றினான். அறையில் வேகம் கூடியது. ஆனாலும் 7.30க்கு அறுந்தது. அடுத்து, கைப்பேசியை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றினான். அதன் பின் அறுக்கவில்லை. ஒரு ரிங்கிட்கூடச் செலவாகவில்லை. அடுத்த வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஏன் எல்லாரும் 5க்கு மாறக்கூடாது?

அலைவேகத்தை அலைவெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் செங்கல் சுவரைக் கடப்பதில் அது சோடை. தூர அறைக்கு 2.4தான் கைகொடுக்கும். வைஃபை பெயரின் கடைசியில் வரும் ‘5ஜி’ இந்தப் பட்டையைக் குறிக்கிறது. கைப்பேசிக் கோபுரத்தின் ஐந்தாம் தலைமுறைச் சேவை வேறு.

மழை மீதும் வீண்பழி போட வேண்டாம். மழையில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி அறுவது உண்மை. அதன் அலைவெண் மிக உயர்வு. மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். வீட்டுக்குள் இருக்கும் வைஃபைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இடிமின்னல்தான் ஆபத்து. நம் மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி அதிகம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பியும் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியும் கடத்தும். வானம் இருட்டும்போதே, இடி நெருங்குவதற்கு முன், செருகியைக் கழற்றிவிடுங்கள்.

சோதனைகள் வெளி இணைப்பையே குற்றவாளியாகக் காட்டினால், அட்டவணையோடு நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். “அடிக்கடி போகுது” என்பதைவிட, “ஐந்து நாளில் எட்டு முறை, கம்பியிலும் அறுந்தது” என்பதற்கு மதிப்பு அதிகம்.

2020இல் சபாவில் ஒரு மாணவி, தேர்வு எழுத அலை கிடைக்காமல் மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. எல்லாச் சிக்கலும் ரூட்டரை நகர்த்தினால் தீராது. ஆனால் எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று பிரித்துச் சொல்ல அறிவியலால் முடியும். இனி ஒரு நண்பன் “லைன் போச்சு” என்றால் சிரிக்காதீர்கள். அட்டவணை போடக் கற்றுக்கொடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ரூட்டரிலிருந்து 2, 4, 8 மீட்டர் தூரத்தில் வேகத்தை மும்முறை அளந்து சராசரி காண்க. மூன்று மாறிகளையும் எழுதுக.
2. 600 மெகாபைட் காணொளியை, விநாடிக்கு 50 மெகாபிட் இணைப்பில் பதிவிறக்க எவ்வளவு நேரம் ஆகும்? (விடை: 96 விநாடி)