இரு பதக்கம் பெற்ற குதிரைவீரர்

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரப்பதக்கம் பெற்றோர் 1,500க்கும் மேற்பட்டவர். அவர்களுள் அதனை முதன்முதல் இருமுறை பெற்றவர் தாமஸ் கஸ்டர் என்னும் இளைஞராவர். பேர்பெற்ற தளபதி ஜார்ஜ் கஸ்டரின் தம்பியாதலின், தமையனாரின் புகழ் நிழலில் இவர் பெயர் மறைந்துகிடக்கின்றது. அதனைச் சிறிது வெளிக்கொணர விழைகின்றோம்.

ஒஹாயோ மாநிலத்தில் 1845ஆம் ஆண்டு பிறந்த இவர், பதினாறாம் வயதிலேயே காலாட்படையிற் சேர்ந்து, கீழ்நிலைப் போர்வீரராய் மூன்றாண்டு உழன்றார். 1864ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மிச்சிகன் ஆறாம் குதிரைப்படையில் அதிகாரியாகித் தமையனாரின்கீழ்ப் பணிபுரியத் தொடங்கினார்.

பதக்கம் இரண்டும் கொடி கவர்ந்தமைக்கே அளிக்கப்பட்டன. ஒரு துணித்துண்டுக்கு இத்துணைச் சிறப்போ என வினவுவாரும் உளர். வெடிமருந்துப் புகை களத்தை மூடியபோது, தம் படை நிற்குமிடத்தை வீரர் அறிந்தது உயர்த்திய கொடியைக் கண்டே. கொடி வீழின் அணி கலையும். ஆதலின் அதனைத் தாங்குவோனே பகைவருக்கு முதற்குறியாவான். 1865 ஏப்ரல் 3ஆம் நாள், விர்ஜீனியாவில் நமோசின் தேவாலயத்தருகே தாமஸ் ஒரு கொடியைக் கவர்ந்தார். மூன்று நாள் கழித்து, செய்லர்ஸ் கிரீக் என்னும் ஓடையருகே, பகைவரின் அரண்மேற் குதிரையைத் தாவச்செய்து கொடிக்காரனை அணுகினார். அவன் சுட்ட குண்டு முகத்தைத் துளைத்தது. குருதி வழியவே அவனைச் சுட்டுக் கொடியைப் பற்றினார். மருத்துவரிடம் செல்ல மனமற்ற தம்பியைத் தமையனார் கட்டளையிட்டே அனுப்ப வேண்டியதாயிற்று. விழுப்புண் என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ! ஏப்ரல் 9ஆம் நாள் தென்மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தார்.

பின்வந்த ஆண்டுகளையே நாம் எளிதிற் கடக்க இயலவில்லை. செயேன் என்னும் பழங்குடியினரின் தலைவர் பிளாக் கெட்டில் என்பார் சமாதானம் நாடியவர். 1864இல் சாண்ட் கிரீக் என்னுமிடத்தில், தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக்கொடியையும் ஏற்றிவைத்திருந்தும், அமெரிக்கப் படையினர் அவருடைய மக்களைக் கொன்று குவித்தனர். அன்று உயிர்தப்பிய அவரும் மனைவியாரும், 1868 நவம்பர் 27 விடியற்காலையில், வாஷிட்டா ஆற்றங்கரையில் ஏழாம் குதிரைப்படையின் தாக்குதலில் மாண்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் உடன் மடிந்தனர். அப்படைக்குத் தலைமை தாங்கியவர் ஜார்ஜ். தாமஸும் அதிலிருந்து காயமடைந்தார். கொடிக்காகத் தன் முகத்தையே ஈந்தவர், கொடியை நம்பினவரின் குடியிருப்பின்மேற் பாய்ந்தாரே என எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நடுங்குகின்றது.

1876 ஜூன் 25ஆம் நாள், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றருகே, லகோட்டா, செயேன் வீரரோடு நிகழ்ந்த போரில் தாமஸ், ஜார்ஜ், இளையவர் பாஸ்டன், மருமகன் ஒருவர், மைத்துனர் ஒருவர் என ஒரு குடும்பத்தினர் ஐவர் வீழ்ந்தனர். தாமஸுக்கு அப்போது வயது 31. சிதைந்துகிடந்த அவருடலை, கையிற் பச்சைகுத்தியிருந்த பெயரெழுத்துக்களைக் கொண்டே அடையாளங் கண்டனர்.